எட்டாவது புள்ளி

போன கூட்டத்தில் நண்பர் ஒருவர் கட்டுரை வாசித்தார். ஒவ்வொரு கவிஞனின் வரியிலும் அவனுடைய கைரேகை இருக்கிறது, பெயரை மறைத்துவிட்டு வாசித்தாலும் இன்னார் எழுதியது என்று சொல்லிவிடலாம் என்பது அதன் சாரம். எல்லோரும் தலையசைத்தார்கள். நான் அசைக்கவில்லை. ஏன் என்று கேட்டபோது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. போலீஸ் இலாகாவின் விரல் ரேகைப் பிரிவில் 31 வருஷம் வேலை பார்த்தவன் நான். அந்த உவமையைக் கேட்டால் எனக்கு வயிற்றில் ஏதோ புரளும். அன்று அவ்வளவுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து யோசித்ததை எழுதிப் பார்க்கிறேன். இந்த வட்டத்தில் இத்தனை வருஷமாக என் உத்தியோகத்தைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை. துப்பறியும் தொடர்கதைக்குச் சரக்கு கேட்டு வந்த ஒருவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலில் ஒரு சின்ன வித்தியாசம். விரலில் இருக்கும் ரேகை வேறு, அது ஒரு பொருளின்மேல் விட்டுப்போகிற பதிவு வேறு. ரேகை தாயின் வயிற்றில் நாலாம் ஐந்தாம் மாதத்துக்குள் அமைந்துவிடுகிறது. ஆயுசுக்கும் மாறுவதில்லை. ஜோஸ்யக்காரர் சங்கு என்றும் சக்கரம் என்றும் சொல்வதை நாங்கள் கண்ணி, சுழி என்று பிரித்து எண்ணிக்கொண்டிருந்தோம். பலன் சொல்லாதது ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் பதிவு? அது ஒவ்வொரு தடவையும் புதிது. ஒரே ஆள், ஒரே கட்டைவிரல், ஒரே கண்ணாடித் தம்ளர். இரண்டு தடவை தொட்டால் இரண்டு பதிவும் ஒன்றாக இராது. அழுத்தம் மாறும், வியர்வை மாறும், தோல் ஒரு பக்கம் இழுபடும், பாதி வழுக்கிவிடும். ஆகவே குற்ற ஸ்தலத்தில் கிடைத்த பதிவும் ஆசாமியிடம் மையில் உருட்டி எடுத்த பதிவும் 'ஒன்று' என்று நான் கையெழுத்திடும்போது, கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லவில்லை. கண்ணால் கண்டது இரண்டு வெவ்வேறு கறைகள். இரண்டும் ஒரே விரலிலிருந்து வந்தவை என்பது என்னுடைய தீர்மானம். வித்தியாசங்களில் எதை மன்னிக்கலாம், எதை மன்னிக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாக முடிவு செய்து அங்கே வந்து சேர்கிறேன். உலகத்தில் ஒரு ரேகை போல் இன்னொன்று இல்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். அந்த உண்மை என் தீர்மானத்துக்கு ஜாமீன் நிற்காது. கோர்ட்டில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துத்தான் பேசுவார்கள். நாங்களும் குழைய விட்டோம்.

தொழிலின் ஆரம்பத்தில் இந்த எச்சரிக்கை இருந்திருக்கிறது. விரல் ரேகைக்கென்று உலகத்தில் முதல் கூடம் 1897இல் கல்கத்தாவில் ஏற்பட்டது. ரேகைகளை 1024 பிரிவாக வகுக்கும் முறைக்கு எட்வர்ட் ஹென்றியின் பெயர் நிலைத்துவிட்டது. அதற்குக் கணக்கு போட்டுக் கொடுத்தவர்கள் அஜிஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு வங்காளிகள். யாருடைய உழைப்பு யாருடையது என்று அடையாளம் காட்டப் பிறந்த ஒரு சாஸ்திரத்துக்கு இப்படி ஒரு பிறப்பு. அடுத்த வருஷம், 1898இல், ஜல்பைகுரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பணப் பெட்டி சூறையாடப்பட்டிருந்தது. உள்ளே இருந்த ஒரு வங்காளிப் பஞ்சாங்கத்தின்மேல் மங்கிய பழுப்புக் கறை. அது காங்காலி சரண் என்ற பழைய வேலைக்காரனின் வலது கட்டைவிரல் என்று கல்கத்தாக் கூடம் சொன்னது. அவன் முன்பே அதே எஜமானர் வீட்டில் திருடிச் சிறை சென்றவன். கொலைக்கும் அவனையே பிடித்துக்கொள்ள எல்லாம் தயாராக இருந்தது. கோர்ட் திருட்டுக்கு மட்டும் தண்டித்தது, கொலையிலிருந்து விடுவித்தது. விரல் பஞ்சாங்கத்தைத் தொட்டது, அவ்வளவுதான் அந்தக் கறைக்குத் தெரியும் என்பது போல நடந்துகொண்டார்கள். கத்தியைப் பிடித்ததும் அந்த விரல்தானா என்று கறையைக் கேட்கவில்லை. தொட்டான் என்பதற்கும் செய்தான் என்பதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை ஒரு காலனியாதிக்கக் கோர்ட் மதித்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அதே காலனி அரசாங்கம் இன்னொரு பக்கம் செய்ததையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் மதுரைப் பக்கத்தில் 'ரேகைச் சட்டம்' என்றால் கிழவர்களுக்குத் தெரியும். குற்றப் பரம்பரைச் சட்டம் என்பது அதன் சர்க்கார் பெயர். 1911இல் சென்னை ராஜதானிக்கும் வந்தது. ஒரு ஜாதியில் பிறந்த ஆண்பிள்ளைகள் ஸ்டேஷனுக்குப் போய்ப் பெயரைப் பதிந்து பத்து விரலையும் உருட்டிக் கொடுக்கவேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மாட்டோம் என்று நின்றவர்கள்மேல் போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. மனிதன் ஒருவனைப் போல் இன்னொருவன் இல்லை என்று நிரூபிக்க வந்த கருவி, ஒரு கூட்டத்தையே ஒரே ஆளாகப் பார்க்கப் பயன்பட்டது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் இதைத் தெரிந்துகொண்டபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் வாஸ்தவம். சம்பளம், புரமோஷன், குடியிருக்க வீடு. பின்னால், ஒரு கிழவனின் விரலைப் பிடித்து மைப்பலகையில் உருட்டும்போது அவன் கை விறைத்துக்கொண்டது. "தளர்த்தி விடுங்க ஐயா" என்று வழக்கம்போல் சொன்னேன். "எங்க அப்பனும் தளர்த்தலை" என்றான். அதற்குமேல் அவன் ஒன்றும் பேசவில்லை. ஸ்லிப் கலங்கிப்போய் மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது.

ஸ்தலத்துக்குப் போகிறவன் எதைப் பார்க்கிறான் என்று கேட்கிறார்கள். எதைப் பார்க்காமலிருக்கக் கற்கிறான் என்பதுதான் கேள்வி. பிரேதத்தைப் பார்ப்பது வேறு ஆட்களின் வேலை. நான் பார்த்தது கதவுப்பிடி, ஜன்னல் கம்பி, தம்ளர், அரிசி டின்னின் மூடி. சாய்ந்த வெளிச்சத்தில் டார்ச்சைப் பிடித்து, ஒட்டக மயிர்ப் பிரஷ்ஷில் பொடியைத் தொட்டுப் பூவைப் போல் தடவ வேண்டும். அழுத்தினால் போய்விடும். எந்த வீட்டுப் பீரோவிலும் இடுப்பு உயரத்துக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்ன விரல்கள் எழுந்து வரும். குழந்தை நடை பழகியபோது பிடித்துக்கொண்டு போன தடம். அது எங்களுக்குக் குப்பை. அதைக் கழித்துக் கட்டத்தான் வீட்டுக்காரர்கள் எல்லோருடைய ரேகையும் வாங்குகிறோம். மகனைப் பறிகொடுத்து மூன்று மணி நேரம்கூட ஆகாத தாயிடம் போய், "அம்மா, கையைக் காட்டுங்க" என்று கேட்டிருக்கிறேன். சந்தேகத்தால் இல்லை, சந்தேகத்திலிருந்து உங்களை நீக்கத்தான் என்று விளக்கியிருக்கிறேன். எல்லோரையும் ஒரு கணம் சந்தேகித்தால்தான் ஒருவரையாவது விடுவிக்க முடியும் என்பது தர்க்கத்துக்குச் சரி. அந்த அம்மாள் மை படிந்த பத்து விரலையும் விரித்து வைத்துக்கொண்டு எதைத் தொடுவது என்று தெரியாமல் நின்றாள். முகத்தை மூடிக்கொண்டு அழக்கூட முடியவில்லை. மண்ணெண்ணெயில் நனைத்த துணியை நானே கொடுத்திருக்கலாம். கான்ஸ்டபிள் கொண்டுவருவார் என்று அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

பெயர் தெரியாத பிரேதங்கள் என்று ஒரு தனி வகை. ரயில் பாதை, கிணறு, கோயில் மண்டபம். தண்ணீரில் கிடந்த உடலில் விரல் தோல் சில சமயம் உறை போலக் கழன்று வந்துவிடும். அதைக் கழுவி, ரப்பர் உறை போட்ட என் விரலின்மேல் மாட்டிக்கொண்டு, மையில் தொட்டு நானே உருட்டுவேன். என் விரலின் அசைவில் அவனுடைய ரேகை காகிதத்தில் வரும். முதல் தடவை செய்தபோது இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு இறங்கியது. ஆனால் அருவருப்பைவிட விசித்திரமான ஒன்று அதற்கப்புறம் நடக்கும். அந்த ஸ்லிப்பை எங்கே தேடுவது? எங்களிடம் இருந்தது குற்றவாளிகளின் ரேகை மட்டும். செத்தவன் எப்போதாவது திருடியிருந்தால் அவனுக்குப் பெயர் திரும்பக் கிடைக்கும், ஊர் கிடைக்கும், கொள்ளி வைக்க மகன் வருவான். ஆயுசு முழுக்க ஒழுங்காக இருந்தவன் அநாதையாகப் புதைந்து போவான். இப்போது ஆதாரில் கோடிக்கணக்கானவர்களின் விரல் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தப் பதிவைப் பகிர 2016ஆம் வருஷச் சட்டத்தில் இடமில்லை. அது சரியான தடைதான் என்று நினைக்கிறேன். அந்த ஸ்லிப்புகளை நினைக்கும்போது மட்டும் தடுமாறுகிறேன்.

இனி எட்டாவது புள்ளி.

ரேகை ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று நிற்கும், அல்லது இரண்டாகப் பிரியும், அல்லது ஒரு சிறு தீவைச் சுற்றிக்கொண்டு மறுபடி சேரும். இந்த இடங்களைத்தான் புள்ளி என்கிறோம். ஸ்தலத்துப் பதிவிலும் ஆசாமியின் பதிவிலும் அதே வரிசையில், அதே இடைவெளியில் எட்டுப் புள்ளி ஒத்துப்போனால் ஒன்று என்று சொல்லலாம் என்பது எங்கள் வழக்கு. இங்கிலாந்தில் நெடுங்காலம் 16 கேட்டார்கள், 2001இல் எண்ணிக்கையையே கைவிட்டார்கள். எட்டு என்பது வானத்திலிருந்து விழுந்த எண் அல்ல. ஆனால் ஏழுக்கு அறிக்கை கிடையாது, எட்டுக்கு உண்டு. நிர்வாகம் அப்படித்தான் நடக்கும்.

1987இல் ஒரு சிறு பட்டணத்தில் இரவில் வீடு புகுந்து திருட்டு. ஒரு கிழவியின் சங்கிலியும் கொஞ்சம் வெண்கலப் பாத்திரமும். பீரோக் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சான்ஸ் பிரிண்ட். ஸ்தலத்தில் அகப்படுகிற பதிவுக்கு எங்கள் பெயர் அது. பாதிப் பதிவு, மேல்புறம் கொஞ்சம் இழுபட்டது. பத்து நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து ஒருவனுடைய ஸ்லிப் வந்தது. கொண்டுவந்த அதிகாரி, "இவன்தான் சார், ஒத்துக்கிட்டான், நகையும் எடுத்தாச்சு. உங்க ஒப்பீனியன் ஒண்ணுதான் பாக்கி" என்றார். ஆள் வெள்ளையடிக்கிறவன். அடுத்த தெருவில் வேலை செய்துகொண்டிருந்தவன். சுண்ணாம்பு தின்ற விரல்கள். ரேகை தேய்ந்து, ஸ்லிப்பில் பல இடம் வெளுத்துக் கிடந்தது. இப்படிப்பட்டவர்களைச் சில வாரம் சுண்ணாம்பைத் தொடாமல் இருக்கச் சொன்னால் ரேகை மறுபடி எழும்பும். இது எனக்குத் தெரியும். ஸ்லிப்பைத் திருப்பி அனுப்பி, பிறகு எடுத்துக் கொடுங்கள் என்று நான் எழுதியிருக்க வேண்டும்.

உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு சுலபமாக வந்தது. ஏழாவதற்கு ஒரு மணி நேரம். பிறகு மத்தியானம் முழுக்க ஒன்றுமில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது, ஸ்லிப்பில் வெளுத்த இடத்தின் ஓரத்தில் ஒரு ரேகை இரண்டாகப் பிரிவது தெரிந்தது. உடனே சான்ஸ் பிரிண்ட்டுக்குப் போனேன். அங்கே இழுபட்ட பகுதியில், அதே இடத்தில், அதே பிரிவு. இருந்தது. பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தது. ஆனால் எந்த வரிசையில் தெரிந்தது என்பதைக் கவனியுங்கள். முதலில் ஸ்தலத்துப் பதிவைத் தனியாகப் படித்து முடித்துவிட்டு, பிறகுதான் ஆசாமியின் பதிவைப் பார்க்கவேண்டும் என்பது பாலபாடம். நான் ஆசாமியிடம் கண்டுபிடித்ததை ஸ்தலத்தில் தேடப் போனேன். தேடியது கிடைத்தது.

கோர்ட்டில் நகையை மீட்ட கதையை நீதிபதி நம்பவில்லை. மகஜர் சாட்சிகள் பிறழ்ந்துவிட்டார்கள். ரேகையை நம்பினார். பெரிதாக்கிய இரண்டு படத்திலும் சிவப்பு மையில் ஒன்று முதல் எட்டு வரை கோடு இழுத்து நானே காட்டினேன். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எட்டும் தெளிவாக இருக்கிறதா? இருக்கிறது என்றேன். மூன்று வருஷம் தண்டனை. அவன் என்னைப் பார்த்ததாக ஞாபகமில்லை. தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று சொன்னால் கதை போலிருக்கும். ஆகவே சொல்லாமல் விடுகிறேன்.

அந்தப் படங்களின் பிரதி ஒன்றைப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்காக அட்டையில் ஒட்டி வைத்தேன். தேய்ந்த விரலிலும் பொறுமை இருந்தால் எட்டு எடுக்கலாம் என்பதற்கு உதாரணம். 20 வருஷம் அது வகுப்பில் இருந்தது. 2007இல் ஒரு பெண் பயிற்சிக்கு வந்தாள். எண் போடாத பிரதியைக் கொடுத்து எண்ணச் சொன்னேன். மாலை வரை உட்கார்ந்துவிட்டு, "சார், எனக்கு ஏழுதான் வருது" என்றாள். "பழகப் பழகத் தெரியும்மா" என்றேன். அந்த வார்த்தை வாயிலிருந்து வெளியே போனபோதுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

2004 மார்ச் 11 அன்று மாட்ரிட்டில் ரயில்களில் குண்டு வெடித்தது. வெடிமருந்துச் சாதனங்கள் இருந்த ஒரு பையின்மேல் கிடைத்த பதிவு பிராண்டன் மேஃபீல்ட் என்ற அமெரிக்க வக்கீலுடையது என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. உறுதியாகச் சொன்னது. ஒருவரல்ல, ஒருவர் பின் ஒருவராக நிபுணர்கள் சொன்னார்கள். அவர் இரண்டு வாரம் சிறையில் இருந்தார். பிறகு ஸ்பெயின் போலீஸ் அது ஓர் அல்ஜீரியனுடையது என்று காட்டியது. 2006இல் வந்த அமெரிக்க நீதித்துறையின் விசாரணை அறிக்கை, ஒற்றுமையைக் கண்டபின் மேஃபீல்டின் ரேகையிலிருந்து பின்னோக்கிப் போய், மாட்ரிட் பதிவில் இல்லாத அம்சங்களையும் 'கண்டார்கள்' என்றது. அவர் முஸ்லிமாக மாறியவர் என்ற விவரம், தவறை மறுபடி பரிசீலிக்காமல் விட்டதற்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்றும் சொன்னது. அதே வருஷம் இடியல் த்ரோர் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். அனுபவமுள்ள ஐந்து நிபுணர்கள். முன்பு அவர்களே 'ஒன்று' எனத் தீர்மானித்த ஜோடிகளை, இதுதான் மேஃபீல்ட் விவகாரத்தில் தவறிய ஜோடி என்று சொல்லிக் கொடுத்தார்கள். மூவர் 'வேறு' என்றார்கள், ஒருவர் முடிவு சொல்ல முடியவில்லை என்றார். ஒரே ஒருவர்தான் தன் பழைய தீர்மானத்தில் நின்றார். விரல் மாறவில்லை. காதில் விழுந்த வார்த்தை மாறியது.

இதையெல்லாம் ஏற்கெனவே படித்திருந்தேன். படித்தபோது அமெரிக்கர்களின் அவசரம் என்று நினைத்துக்கொண்டதும் நான்தான்.

இங்கேதான் எனக்குக் கேள்வி பிறக்கிறது. வேண்டுமென்று பொய் சொன்னவனுக்குப் பொறுப்பு உண்டு. கவனக்குறைவாக இருந்தவனுக்கும் உண்டு. ஆனால் ஒருவனுக்கு ஒன்று தெரிந்தது, தெரிந்ததைச் சொன்னான் என்றால்? பார்வை என்பது நமக்கு நேர்வது என்றுதான் நினைக்கிறோம். மழை நனைப்பது போல. 31 வருஷ அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. பார்ப்பது நான் செய்கிற காரியம். அதற்கு முன்னால் எதைக் கேட்க அனுமதித்தேன், எந்த வரிசையில் பார்த்தேன், எந்த மணியில் போதும் என்று நிறுத்தினேன் என்பதெல்லாம் என் கையில் இருந்தன. ஏழாவதோடு அன்று மத்தியானம் எழுந்து போயிருந்தால் அது சோம்பலாகத் தோன்றியிருக்கும். விடாமல் உட்கார்ந்ததை நான் சிரத்தை என்று நினைத்தேன். இலாகாவும் அதற்குத்தான் மதிப்புக் கொடுத்தது. சந்தேகம் எங்களிடையே பலவீனம். 'சொல்ல முடியாது' என்று அதிகமாக எழுதுகிறவனுக்கு வேலை தெரியாது என்று பெயர்.

அவன் திருடவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. திருடியிருக்கலாம். அதுதான் இதில் கொடுமை. ஏழு புள்ளி ஒத்துப்போவது சாமான்ய விஷயமல்ல. எட்டாவது இல்லை என்று நிரூபிக்கவும் என்னால் முடியாது. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொன்னேன் என்பதற்குமேல் என் தவறுக்கு உருவம் கிடையாது. யாரிடம் போய் இதைச் சொல்வது? வழக்கு முடிந்தது, தண்டனை முடிந்தது, அப்பீல் இல்லை. ஒரு மனு எழுதலாம், எழுதவில்லை. அவனைத் தேடிப் போகலாம் என்று ரிடையரான வருஷம், 2009இல், அந்தப் பட்டணத்துக்குப் பஸ் ஏறினேன். அந்தத் தெருவில் எல்லா வீடும் பெயின்ட் அடித்திருந்தது. சுண்ணாம்பு அடிக்கிற ஆட்கள் இப்போது யாரும் இல்லை என்று டீக்கடையில் சொன்னார்கள். பெயரைச் சொல்லி விசாரித்திருக்கலாம். அந்தப் பெயரைச் சொல்ல ஏனோ வாய் வரவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

2022இல் வந்த சட்டத்தின்படி, பிடிபட்டவர்களின் அளவுகளை 75 வருஷம் வைத்திருக்கலாம். தேசம் முழுக்க ஒரே கணினிச் சேமிப்பில் ரேகையைத் தேடுகிறார்கள். பொருத்தமானவை என்று சில பெயர்களைக் கணினி நிமிஷத்தில் வரிசையாக நீட்டுகிறது. கடைசியில் ஓர் ஆள் உட்கார்ந்து ஒன்றா வேறா என்று சொல்லவேண்டும். முன்பு ஒரு போலீஸ் அதிகாரி என் காதில் சொன்னதை இப்போது யந்திரம் சொல்கிறது. அதுவும் அதிக மரியாதையோடு கேட்கப்படுகிறது. ஏழு என்று சொன்ன பெண் இப்போது எங்கோ இந்த நாற்காலியில்தான் இருக்கிறாள். மறுநாள் அவளிடம், "நீ எண்ணினது சரி" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அட்டையை மட்டும் எடுத்து உள்ளே வைத்தேன். எங்கே சார் என்று கேட்டாள். கிழிந்துவிட்டது என்றேன்.

கிழியவில்லை. என்னிடம்தான் இருக்கிறது. எண் போடாத பிரதிதான். பெயரை மறைத்து வைத்த கவிதை போல என்று நண்பர் சொல்லக்கூடும். எப்போதாவது ஜன்னலோரம் வைத்து, ஸ்தலத்துப் பதிவை மட்டும் வெளியே விட்டு மற்றதைக் காகிதத்தால் மூடி எண்ணிப் பார்க்கிறேன். பெரும்பாலும் ஏழு. சில நாள், வெளிச்சம் ஒரு மாதிரி விழும்போது, எட்டாவது தெரிகிறது.